அந்தப் பெட்டி யாரைக் கேட்டது?

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பன் போனில் கேட்டபோது, "எனக்கு என்னப்பா தெரியும்? கம்ப்யூட்டர் பாக்குறவன் நான். கவிதையும் வராது, கதையும் வராது" என்று நழுவப் பார்த்தேன். அவன் விடவில்லை. "அந்தக் கம்ப்யூட்டரைப் பத்தியே எழுதுடா. இப்ப படிக்கிற பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றான். ஆகவே இந்தக் கட்டுரை. பிழையிருந்தால் என்னுடையது, பொறுமையாகப் படித்தால் அது உங்கள் பெருந்தன்மை.

நான் எழுத வந்தது ஒரு சின்ன விஷயத்தின் வரலாறு. ஒரு கம்ப்யூட்டரிடம் நாம் ஒரு பெயரைச் சொல்லுகிறோம். அந்தப் பெயருக்குரிய இடம் எங்கே என்று அது யாரையோ கேட்கிறது. யாரைக் கேட்க வேண்டும் என்று நாம் சொல்லாதபோது அது யாரைக் கேட்கிறது? இதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் செலவு பிடித்தது. அதையும் சொல்கிறேன்.

பெயர் மாறும், எண் மாறாது

என் ஊர் வெம்பக்கோட்டை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கடிதங்களில் இராமநாதபுரம் மாவட்டம் என்று எழுதினோம். 1985-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். காமராசர் மாவட்டம் என்று எழுதினோம். 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது விருதுநகர் மாவட்டம் ஆனது. பின்னாளில் வெம்பக்கோட்டையே தனித் தாலுகா ஆகிவிட்டது. இத்தனை மாற்றத்திலும் பம்பாயிலிருந்து என் சித்தப்பா போட்ட கடிதம் ஒன்றுகூடத் தவறியதில்லை. காரணம், 626 என்று தொடங்கும் பின்கோடு. 1972 ஆகஸ்டு 15-ல் வந்த இந்த ஏற்பாட்டில் முதல் எண் மண்டலத்தைக் காட்டும். அடுத்தடுத்த எண்கள் நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் நம் தபால்காரர் கையில் கொண்டுவந்து சேர்க்கும்.

இன்டர்நெட்டில் இது தலைகீழ். அங்கே எண் அடிக்கடி மாறும். பெயர் மாறாமல் நிற்க வேண்டும். இன்று ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு நாளை வேறு கம்ப்யூட்டருக்குப் போகும். பழைய எண்ணையே நம்பியிருந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் பெயரைச் சொன்னால் இன்றைய எண்ணைச் சொல்வதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் டி.என்.எஸ். நீங்கள் போனில் ஒரு தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், உங்களுக்குத் தெரியாமல் முதலில் நடப்பது இந்த விசாரிப்புதான்.

ஆடிப்பெருக்கு அன்று நடந்தது

சில வருஷங்களுக்கு முன்பு சிவகாசிப் பக்கத்து அச்சகம் ஒன்றுக்கு நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தினசரிக் காலண்டர் அடிக்கும் இடம். நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும், ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றே ஆர்டர் குவியத் தொடங்கும். அதற்கு முந்தின இரவு, ஆர்டர் எடுக்கும் புரோகிராமை நான் ஒரு 'கன்டெய்னருக்குள்' மாற்றி வைத்தேன். லாரியில் வரும் கன்டெய்னர் மாதிரியேதான் இதுவும். ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்த கம்ப்யூட்டரிலும் இறக்கிவைத்து ஓட்டலாம். மாற்றியபின் சோதித்தேன். ஆர்டர் போட்டால் என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அச்சக முதலாளி கூப்பிட்டார். "தம்பி, எழுபத்தஞ்சாம் நம்பர் அட்டைக்கு ரேட்டு என்ன போடுது பாத்தீங்களா? இது போன வருஷ ரேட்டுல்ல!"

அதற்குள் அறுபத்துச் சொச்சம் ஆர்டர் பழைய விலையில் பதிவாகியிருந்தது. அந்த வருஷம் காகித விலை ஏறியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணாச்சி, எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு மறுபடி கேப்போம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பில்லு போட்டு மெசேஜும் போயிட்டு தம்பி. சொன்ன ரேட்டு சொன்ன ரேட்டுதான். இனிமே வாரதையாவது சரி பண்ணுங்க" என்றார். அவருக்கு என்ன நஷ்டம் என்று என்னிடம் கடைசி வரை சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

என்ன தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க நான் அன்று ராத்திரி தோண்டத் தொடங்கினேன். எங்கள் ஊரில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியபோது வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன். ஒரு குழியில் மேலே புது மண், அதற்குக் கீழே பழசு, அதற்கும் கீழே அதைவிடப் பழசு. கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று எனக்கு அன்று புரிந்தது. மேலடுக்கில் புத்தம் புதிய கன்டெய்னர். தோண்டிக்கொண்டே போனால் அடியில் 1980-களின் ஒரு சின்னக் கோப்பு. அடியிலிருந்தே தொடங்குவோம்.

அடி மண்: ஒரே ஒரு பட்டியல்

இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதலில் இருந்தது ஒரே ஒரு பட்டியல்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையார் தலைமையிலான தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டரை இணைத்தால், ஆபீஸ் நேரத்தில் அவர்களுக்குச் சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். மற்ற எல்லோரும் அந்தப் பட்டியலை அவ்வப்போது நகலெடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வார்கள். யாரைக் கேட்பது என்ற கேள்வியே அப்போது இல்லை. பட்டியல் உன் வீட்டிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர்கள் பெருகவே இது தாங்கவில்லை. ஒருவர் நகலெடுத்து முடிப்பதற்குள் மூலம் மாறிவிடும். 1983-ல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொகாபெட்ரிஸ், ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டபடி, டி.என்.எஸ். திட்டத்தை எழுதினார். 1987-ல் அது திருத்தப்பட்டு இன்றுவரை நடைமுறையில் உள்ள வடிவம் பெற்றது. அதன் சூட்சுமம் நம் பின்கோடு மாதிரிதான். ஒரே ஆளிடம் முழுப் பட்டியல் வேண்டாம். பெயரின் வலது கோடியிலிருந்து தொடங்கி, 'இன்' என்று முடிந்தால் இந்தியாவுக்குப் பொறுப்பானவரைக் கேள். அவர் அடுத்தவரைக் காட்டுவார். கடைசியில் அந்தந்த நிறுவனமே தன் கம்ப்யூட்டரின் எண்ணைச் சொல்லும். எல்லாவற்றுக்கும் உச்சியில் 'மூலச் சேவையகங்கள்' என்று பதின்மூன்று பெயர்கள்.

இதை யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் 'பைண்ட்' என்ற புரோகிராமை 1984-ல் பெர்க்லியில் நான்கு மாணவர்கள் எழுதினார்கள். மாணவர்கள் என்பதை இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். அந்தப் பெர்க்லி யூனிக்ஸோடு வந்ததுதான் 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்ற சின்னக் கோப்பு. யாரைக் கேட்க வேண்டுமோ அவருடைய எண்ணை அதில் ஒரு வரியாக எழுதவேண்டும். அதிகபட்சம் மூன்று பேர். முதல் ஆள் ஐந்து விநாடி பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஆள். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இன்றைய லினக்ஸிலும் இதே கோப்பு, இதே மூன்று, இதே ஐந்து விநாடி.

சரி, அந்தக் கோப்பில் ஒன்றுமே எழுதாவிட்டால்? இதுதான் 'டீஃபால்ட்'. அதாவது நாம் வாய் திறக்காதபோது கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் முடிவு. பெர்க்லிக்காரர்கள் வைத்த முடிவு அழகானது. ஒன்றும் எழுதாவிட்டால் உன்னையே நீ கேட்டுக்கொள். இருக்கிற கம்ப்யூட்டரிலேயே பைண்ட் ஓடும் என்பது அந்தக் காலத்து எண்ணம். 127.0.0.1 என்ற எண்ணுக்கு 'நானே' என்று பொருள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் இதுதான் வில்லன்.

நம் நாட்டு அடுக்கு

நம் நாட்டில் 1986-ல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள் அதில் இருந்தன. 1989 மே மாதம் 'இன்' என்ற முடிவுப் பெயர் இந்தியாவுக்கு வழங்கப்பட்டது. பம்பாய் மையம்தான் பல வருஷம் அந்தப் பதிவேட்டைக் கவனித்தது. 1995 ஆகஸ்டு 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. பின்கோடு வந்ததும் ஆகஸ்டு 15, இதுவும் ஆகஸ்டு 15.

அந்த வருஷம் நான் நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும்; தூசி ஆகாது. ஏ.சி. இருந்த ஒரே அறை அதுதான். வெயில் காலத்தில் கம்ப்யூட்டர்மேல் நமக்கு வந்த திடீர் ஆர்வத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம். இன்டர்நெட் என்ற சொல்லைப் பேப்பரில் படித்ததோடு சரி.

படிப்பு முடிந்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபிறகு, 'பிசி குவெஸ்ட்' பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து முதல்முதலாக லினக்ஸ் ஏற்றினேன். மோடம் கீச்சிட்டு இணைந்துவிட்டது. ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. பக்கத்து சீட் அண்ணன் எட்டிப்பார்த்து, "ரிசால்வ் டாட் கான்ஃப்ல நம்பர் போட்டியா?" என்றார். இன்டர்நெட் கணக்கு வாங்கும்போது கொடுத்த தாளில் இரண்டு எண்கள் இருந்தன. அதைப் பார்த்துக் கையால் தட்டினேன். திறந்தது. அன்று யாரைக் கேட்கிறோம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் எழுதியவன் நான்.

2005-ல் 'நிக்சி' என்ற அமைப்பு 'இன்' பதிவேட்டை ஏற்று, யார் வேண்டுமானாலும் பெயர் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டது. அதுவரை பதிவானவை ஏறத்தாழ 7,000 பெயர்கள்தான். அதே ஆண்டு பதின்மூன்று மூலச் சேவையகங்களில் ஒன்றான 'எஃப்'பின் நகல் ஒன்றைச் சென்னையில் நிறுவினார்கள். உச்சியில் இருக்கும் ஆளைக் கேட்க நம் கேள்வி கடல் கடக்க வேண்டாம் என்ற நிலை வந்தது.

பெயர்களும் தமிழ் பேசத் தொடங்கின. 1998-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு, ஆங்கிலமல்லாத எழுத்துகளில் இன்டர்நெட் பெயர் வைக்கும் முயற்சியைச் செய்து காட்டியது. அதே டான் டின் வீயோடு சேர்ந்து 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. பின்னர் 2010, 2011-ல் 'இலங்கை', 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்ற முடிவுப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே மூலச் சேவையகத்தில் ஏறின. 2011-ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது நம் பிள்ளைகள் பலருக்கு நினைவிருக்கும். அது சென்னை சி-டாக் உருவாக்கியது. ஆகவே லினக்ஸ் என்பது ஏதோ அமெரிக்காவில் மட்டும் ஓடும் சமாச்சாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மேல் மண்: வாடகை நிலமும் பெட்டிகளும்

பிறகு 'கிளவுட்' வந்தது. அதாவது கம்ப்யூட்டரை வாங்காமல் பெரிய நிறுவனத்திடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் இந்தக் கடையைத் திறந்தன. இங்கே ரிசால்வ் டாட் கான்ஃபில் நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். கம்ப்யூட்டர் விழித்தெழும்போதே நில உரிமையாளர் தன் ஆளின் எண்ணைக் காதில் சொல்லிவிடுவார். மைக்ரோசாஃப்டில் அது 168.63.129.16. அமேசானில் உங்களுக்கு ஒதுக்கிய எண்வரிசையின் தொடக்கத்தோடு இரண்டைக் கூட்டினால் வரும் எண், 10.0.0.0 என்றால் 10.0.0.2. வசதிதான். ஆனால் நிலத்தை வாடகைக்கு விட்டவரே வழியும் சொல்கிறார் என்பதை மறக்கக்கூடாது. ஒரு கம்ப்யூட்டரின் ஒரு வலை இணைப்பிலிருந்து விநாடிக்கு 1,024 பொட்டலத்துக்குமேல் கேட்டால் அமேசானின் ஆள் ஏற்கமாட்டார். இதைத் தெரியாமல், ஏன் சில கேள்விகளுக்குப் பதில் வரவில்லை என்று ராத்திரி முழுக்க முழித்தவர்கள் உண்டு.

இதற்கிடையே லினக்ஸிலும் ஒரு மாற்றம். 'சிஸ்டம்டி' என்ற தொகுப்பில் ஒரு வழிகாட்டி சேர்ந்தது. இப்போது பல லினக்ஸில் ரிசால்வ் டாட் கான்ஃபைத் திறந்தால் 127.0.0.53 என்றிருக்கும். வாசலில் ஒரு வாட்ச்மேனை உட்காரவைத்த மாதிரி. உண்மையில் யாரைக் கேட்பது என்பது வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். அவருக்கும் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால்? அதை எழுதியவர்கள் மூல நிரலிலேயே கூகுள் போன்ற நிறுவனங்களின் எண்களைக் கடைசித் துணையாக வைத்தார்கள். இது சரியா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அந்த எண்களை எடுத்துவிட்டு வெளியிட்டார்கள்.

2013-ல் 'டாக்கர்' வந்து கன்டெய்னரை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கூகுள் வெளியிட்ட 'குபர்னெட்டிஸ்', ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை மேய்க்கும் வேலையைச் செய்தது. குபர்னெட்டிஸில் ஒரு வேடிக்கை. அதில் 'டீஃபால்ட்' என்ற பெயரிலேயே ஒரு பெயர்தேடும் கொள்கை உண்டு. ஆனால் டீஃபால்ட்டாகக் கிடைப்பது அது இல்லை, வேறொன்று! அந்த வேறொன்று முதலில் தன் கூட்டத்துக்குள்ளேயே தேடும். பெயரில் ஐந்து புள்ளிக்குக் குறைவாக இருந்தால், வெளியூர் ஆளாக இருந்தாலும் 'நம்ம தெருவில் இருக்காரா, நம்ம ஊரில் இருக்காரா, நம்ம தாலுகாவில் இருக்காரா' என்று மூன்று தடவை வீணாக விசாரித்துவிட்டுத்தான் வெளியே போகும். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் இந்த அலைச்சல் இல்லை. ஒரு புள்ளியில் இருக்கிறது விஷயம்.

குழியின் அடியில் கிடைத்தது

இப்போது என் அச்சகக் கதைக்கு வருகிறேன். அங்கே இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன டி.என்.எஸ். புரோகிராமை நான்தான் ஓடவிட்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் 'விலை' என்று கேட்டால் விலைப்பட்டியல் இருக்கும் கம்ப்யூட்டரின் எண்ணைச் சொல்லும். 'கிடங்கு' என்றால் கிடங்குக் கம்ப்யூட்டர். ரிசால்வ் டாட் கான்ஃபில் 127.0.0.1, அதாவது 'நானே' என்று எழுதியிருந்தேன். பெர்க்லிப் பெரியவர்கள் வழி.

கன்டெய்னரைத் தொடங்கியதும் டாக்கர் அந்தக் கோப்பை நகலெடுத்தது. ஆனால் பெட்டிக்குள் போனதும் 'நானே' என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. வெளியே 'நானே' என்றால் அந்தக் கம்ப்யூட்டர். உள்ளே 'நானே' என்றால் அந்தப் பெட்டி. பெட்டிக்குள் டி.என்.எஸ். ஏதும் இல்லை. ஆகவே டாக்கர் சமயோசிதமாக அந்த வரியை நீக்கியது. நீக்கியதும் கோப்பு காலி. காலியாக விடக்கூடாது என்று தானே இரண்டு எண்களை எழுதியது: 8.8.8.8, 8.8.4.4. இவை 2009 டிசம்பரில் கூகுள் பொதுமக்களுக்காகத் தொடங்கிய டி.என்.எஸ். எண்கள். 2014-ல் துருக்கியில் ட்விட்டரைத் தடைசெய்தபோது ஜனங்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதிவைத்து ஒருவருக்கொருவர் உதவினார்கள். அவ்வளவு புகழ் பெற்ற எண். அங்கே அது விடுதலை எண்; என் பெட்டிக்குள் அழைக்காமல் வந்த விருந்தாளி.

எஸ்.எம்.எஸ். நிறுவனத்தின் பெயர் உலகத்துக்கே தெரியும். கூகுள் பதில் சொன்னது. என் சோதனை வென்றது. 'விலை' எங்கே என்று கேட்டபோது கூகுளுக்கு என்ன தெரியும்? அப்படியொரு பெயரே இல்லை என்றது. நான் எழுதிய புரோகிராம் என்ன செய்தது? பட்டியல் கிடைக்காவிட்டால் தன்னிடமுள்ள பழைய விலையைப் போடு என்று எப்போதோ நானே எழுதிவைத்திருந்தேன். அதுவும் ஒரு டீஃபால்ட்தான்! ஒருவர் சத்தமில்லாமல் வழியை மாற்ற, இன்னொருவர் சத்தமில்லாமல் பழையதைக் கொடுக்க, இருவருமாகச் சேர்ந்து அண்ணாச்சியின் தலையில் கைவைத்தோம்.

டாக்கரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கோப்பு காலியானால் இந்த எண்களைப் போடுவோம் என்று அவர்கள் தங்கள் கையேட்டில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். படிக்காதவன் நான். இன்னொன்றும் அன்று உறைத்தது. சிவகாசியில் ஒரு சுவருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களின் பெயர்களை, அன்று காலையிலிருந்து அந்தப் பெட்டி வெளியே சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. 'விலை' எங்கே, 'விலை' எங்கே என்று கேட்டபடி. ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லைதான். ஆனாலும் வீட்டுக்குள் கேட்கவேண்டியதைச் சந்தையில் நின்று கேட்டமாதிரி இருந்தது.

திருத்தம் பத்து நிமிஷ வேலை. என் டி.என்.எஸ். புரோகிராமை அந்தக் கம்ப்யூட்டரின் அலுவலக வலை எண்ணிலும் பதில் சொல்லவைத்தேன். டாக்கரின் அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை என் கையாலேயே எழுதினேன். பழைய விலை போடும் வரியை அழித்து, பட்டியல் கிடைக்காவிட்டால் ஆர்டர் எடுக்காதே என்று மாற்றினேன்.

நாற்பது வருஷத்தில் என்ன நடந்திருக்கிறது என்று அன்று ராத்திரி எண்ணிப்பார்த்தேன். முதலில் பட்டியல் வீட்டிலேயே இருந்தது. பிறகு யாரைக் கேட்பது என்று சொல்லாவிட்டால் உன்னையே கேள் என்றார்கள். பிறகு நில உரிமையாளரைக் கேள் என்றானது. கடைசியில் உலகத்துக்கே பதில் சொல்லும் ஒரு பெரிய நிறுவனத்தைக் கேள் என்று வந்து நின்றது. எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒவ்வொரு படியிலும், பயன்படுத்துகிறவன் திண்டாடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் முடிவு நம் கையைவிட்டு ஒரு அடி தள்ளிப் போயிருக்கிறது.

தள்ளிப்போனதற்கு விலை உண்டு. 2025 அக்டோபர் 20-ம் தேதி அமேசானின் அமெரிக்கக் கிழக்கு மையத்தில், பெயர்ப் பதிவேட்டைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு தவறி, முக்கியமான ஒரு பெயருக்குரிய பதிவைக் காலியாக்கிவிட்டது. கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெயரைச் சொல்லிக் கேட்டவர்களுக்கு இடம் தெரியவில்லை. உலகெங்கும் எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் நின்றன. அண்ணாச்சிக்கு நடந்ததுதான், அளவுதான் பெரிது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

நம் கல்லூரியில் இப்போது படிக்கிறவர்கள் என் காலத்தைவிட ஆயிரம் மடங்கு வசதியோடு படிக்கிறீர்கள். ஒரே கட்டளையில் பத்துக் கன்டெய்னர் எழுந்து நிற்கிறது. சந்தோஷம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். எழுந்து நின்ற பெட்டிக்குள் ஒருமுறை போய், ரிசால்வ் டாட் கான்ஃபைத் திறந்து பாருங்கள். அதிலிருக்கும் எண் யாருடையது என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதா, வாடகைக்கு விட்டவர் எழுதியதா, யாரும் எழுதாததால் தானாக வந்ததா? சோதிக்கும்போது ஊரறிந்த ஒரு பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியடையாதீர்கள். உங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு பெயரையும் கேளுங்கள். வீட்டுப் பெயர்களுக்கு 'இன்டர்னல்' என்ற முடிவை வையுங்கள். 2024-ல் உலகப் பெயர் அமைப்பான ஐகான் அதை இதற்கென்றே ஒதுக்கி, வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. நீங்களே புரோகிராம் எழுதினால், கேட்டது கிடைக்காதபோது அது என்ன செய்யும் என்பதை ஒரு தாளில் எழுதி, அதைப் பயன்படுத்தப்போகிற அண்ணாச்சியிடம் காட்டுங்கள். அந்த முடிவு அவருடையது, உங்களுடையதுகூட இல்லை.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு நான் அச்சகத்துக்குப் போயிருந்தேன். முதல் ஆர்டர் பதிவாவதற்கு முன் அண்ணாச்சி என்னை அருகில் உட்காரவைத்து, புது ஆல்பத்தைத் திறந்து, ஒவ்வொரு அட்டையின் விலையையும் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நூற்றுச் சொச்சம் அட்டை. ஒரு மணி நேரம் ஆனது. முடித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஆனா வருஷா வருஷம் இப்படித்தான் பாப்பேன், கோவிச்சுக்காதீங்க" என்றார்.

எனக்கு என்ன கோபம்? நான் முந்தின வருஷம் செய்யாமல் விட்ட வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.



– முன்னாள் மாணவன், இயற்பியல், 1994–97, வெம்பக்கோட்டை